பாட்டிலில் கட்டிய நான்கு நூல்கள்

மே மாதம் முதல் சனிக்கிழமை, விடிகாலையில் எழுந்தபோது வலது கண்ணைச் சரியாகத் திறக்க முடியவில்லை. மேல் இமையின் ஓரத்தில், மயிர் முளைக்கும் இடத்தில், உளுந்து அளவுக்கு ஒரு வீக்கம். தொட்டால் சுடுகிறது, இமைத்தால் உறுத்துகிறது. கண்கட்டி. வலி பொறுக்கக்கூடியதுதான். எனக்குக் கவலை வேறு. முதல் நாள் வெட்டி வைத்த பதினோரு வெள்ளைச் சட்டைகள் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், ஊசித்துளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே கைக்குப் பிடிபடாது. நூல் முனை துளைக்கு முன்னாலேயோ தாண்டியோ போய்விடும்.

அத்தை வந்து என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சூடெல்லாம் கண்ணுல ஏறிடுச்சே."

சொல்லிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை இடது உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் என் இமைமேல் ஒற்றினார். ஏழெட்டு தடவை. என் அம்மாவும் சின்ன வயதில் இதையேதான் செய்வார். அன்று சாயங்காலம் பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் போனேன். இமையில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு கிருமி சேர்வதால் இது வருகிறது, பிதுக்கக் கூடாது, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இமைமேல் வையுங்கள், தானாக உடைந்து வற்றிவிடும் என்றார். சூட்டினால் வந்தது என்று அத்தை சொன்னதற்கும் சூடுதான் மருந்து. அவர் விரலும் டாக்டரம்மாவின் வெந்நீர்த் துணியும் செய்வது ஒரே வேலை. துணியில் சூடு அதிக நேரம் நிற்கும், விரல் அழுக்கு கண்ணுக்குப் போகாது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அத்தைக்கு முகமெல்லாம் சந்தோஷம். அப்புறம் நான்கு நாளும் வெந்நீர் வைத்துத் துணி பிழிந்து கொடுத்தது அவர்தான்.

மறுநாள் கத்திரி தொடங்கியது.

நான் வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். தையல்காரிக்கு வருடத்தில் இரண்டு அறுவடை. தீபாவளிக்கு முன்னால் ஜாக்கெட், மே மாதத்தில் பள்ளிச் சீருடை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடை அரசே கொடுத்துவிடுகிறது. அவற்றை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் தைக்கிறார்கள். என்னிடம் வருவது தெருவைச் சுற்றியுள்ள தனியார் பள்ளிப் பிள்ளைகளின் துணி. இந்த வருடம் முப்பத்து நான்கு செட். இதுபோகப் போன வருடத்துச் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு பை. எல்லாம் ஜூன் முதல் வாரத்துக்குள் வேண்டும். ஆகவே ஊரே வேலையைக் குறைத்துக்கொண்டு நிழலில் ஒதுங்கும் மாதத்தில்தான் எனக்கு வேலை குவியும்.

கத்திரி என்று நாங்கள் சொல்லும் அக்னி நட்சத்திரம், சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் தொடங்கி, கிருத்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் முடிக்கும் வரையிலான நாட்கள். பஞ்சாங்கத்தில் ஏறக்குறைய மே 4-இலிருந்து 28 வரை. கிருத்திகைக்கு அதிதேவதை அக்னி, அதனால் அந்தப் பெயர். பேப்பரில் தினமும் எந்த ஊரில் வெயில் சதமடித்தது என்று போடுவார்கள். பாரன்ஹீட் கணக்கில் 100, செல்சியஸில் 37.8. அந்தப் பட்டியலில் வேலூர் இல்லாத நாள் குறைவு. தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில், மரமில்லா மலை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதை நானே பாலத்தில் நின்று பார்த்தேன். மலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுச் சுவரில் கை வைத்தால் இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அதனால் என் நாள் வெயிலைச் சுற்றி வளைந்து போகும். நாலரைக்கு எழுந்து வாசல் தெளிப்பேன். ஐந்திலிருந்து ஏழு வரை துணி வெட்டும் நேரம். துணி வெட்டும்போது ஃபேன் போட முடியாது. டெரிகாட்டன் துணி பறந்து விலகிவிடும், சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கோடு வளைந்துவிடும். ஃபேன் இல்லாமல் உட்காரக்கூடிய நேரம் அது ஒன்றுதான். தெருவில் பால்காரர் வண்டியும் காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடங்கள் மோதுகிற சத்தமும் தவிர வேறெதுவும் கேட்காது. பெரிய கத்தரிக்கோல் துணியைக் கடித்துக்கொண்டு போகும் சத்தம் அப்போதுதான் முழுதாகக் காதில் விழும். இந்த இரண்டு மணி நேரத்துக்காகவே எனக்கு மே மாதம் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஆனால் உண்மை அதுதான்.

ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை மெஷின். அதற்குமேல் மெஷின் மோட்டார் முழங்காலுக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு மாதிரி கொதிக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் கூடத்துத் தரையில் தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து காஜா, பட்டன், ஹெம்மிங். கைவேலைக்குச் சத்தம் இல்லை, சூடு இல்லை. அத்தை எதிரே படுத்து ஓலை விசிறியால் தனக்கும் எனக்குமாக வீசிக்கொண்டே தூங்கிப் போவார். நான்கு மணிக்கு மறுபடி மெஷின். அயர்ன் போடுவது இரவு ஒன்பதுக்குமேல். வெள்ளைச் சட்டைக்கு வியர்வைதான் எமன். ஒரு சொட்டு விழுந்து காய்ந்தால் மஞ்சள் வளையம் கட்டிவிடும். மடியில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு துண்டு, நெற்றியில் கட்டிய கைக்குட்டை. இந்தக் கோலத்தில்தான் மே முழுவதும் இருப்பேன்.

வேர்க்குரு என்னுடன் வருடா வருடம் வருகிற விருந்தாளி. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு படிகிற இடத்திலும், ஜாக்கெட்டின் கைப்பட்டை இறுக்குகிற இடத்திலும் வரும். வியர்வை வெளியே வருகிற சின்னத் துவாரங்கள் அடைத்துக்கொண்டு, வியர்வை தோலுக்கு அடியிலேயே தங்கிவிடுவதால் அந்தச் சிவப்புப் புள்ளிகள் வருகின்றன. இது தெரிவதற்கு முன்னால் பல வருடம் பவுடரை அப்பிக்கொண்டேயிருந்தேன். வியர்வையோடு பவுடர் குழைந்து களிம்பாகி, இருக்கிற துவாரத்தையும் மூடிக்கொண்டிருந்தது. இப்போது பவுடரை விட்டுவிட்டேன். நாற்காலியின் முதுகில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் கட்டியிருக்கிறேன். மத்தியானமும் ராத்திரியும் வெறும் தண்ணீர் ஊற்றிக் குளியல். நுங்கு வாங்கும் நாளில் அத்தை அதன் தோலைச் சேர்த்து வைத்து முதுகில் தேய்த்துவிடுவார். அதில் மருந்து உண்டோ இல்லையோ, அந்தக் குளிர்ச்சி தோலில் இருக்கிற பத்து நிமிடமும் எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றும்.

நான் எழுத நினைத்தது அடுத்து வந்த உபாதையைப் பற்றி.

கண்கட்டி வற்றிய அந்த வெள்ளிக்கிழமை நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. காலையில் லேசான எரிச்சல். மத்தியானத்துக்குள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் போல் இருக்கும், போனால் நான்கு சொட்டு, அந்த நான்கு சொட்டுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இதைப் பற்றிப் பெண்கள் நாங்கள் வெளியே பேசுவது குறைவு. "கொஞ்சம் சூடு" என்று சொல்லிக்கொள்வோம், கேட்கிறவருக்கும் புரிந்துவிடும். அத்தைக்கும் புரிந்தது. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து என் இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் தடவினார். பார்லியைக் கொதிக்க வைத்து வடிகட்டி உப்புப் போட்டு ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தார். சுண்ணாம்பு நகத்திலேயே காய்ந்து உதிர்ந்தது. பார்லித் தண்ணீர் கொஞ்சம் கேட்டது. மறுநாளும் எரிச்சல் போகவில்லை என்றதும் டாக்டரம்மாவிடமே போனேன். சிறுநீர்ப் பரிசோதனை, கிருமித்தொற்று, ஐந்து நாளைக்கு மாத்திரை. குளிர்காய்ச்சலோ, விலாவுக்குப் பின்பக்கம் வலியோ, சிறுநீரில் இரத்தமோ தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எச்சரித்தார். அப்புறம் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் காபி. சாப்பாட்டோடு ஒரு டம்ளர். சாயங்காலம் டீ. ராத்திரி ஒரு டம்ளர். விரல் விட்டு எண்ணியபோது எனக்கே பயமாக இருந்தது. நாற்பது டிகிரி வெயிலில், நாள் முழுக்க வியர்த்துக்கொண்டு, நான் குடித்தது ஒரு லிட்டருக்கும் குறைவு.

"வீட்டிலதானே வேலை? எழுந்து போய்க் குடிக்க இன்னா கஷ்டம்?"

அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்ல முடியவில்லை. பதில் வீட்டுக்கு வரும் வழியில், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போது கிடைத்தது.

2004-இலிருந்து 2013 வரை, ஒன்பது வருடம், ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் இருந்தேன். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். லைனில் முப்பது பேர், எல்லாரும் பெண்கள். ஒருத்தி தைத்தது அடுத்தவள் கைக்குப் போக வேண்டும். ஒருத்தி எழுந்து போனால் அவளுக்குப் பின்னால் இருக்கும் எல்லாருக்கும் வேலை நிற்கும், முன்னால் குவியும். பாத்ரூம் போக லைனுக்கு ஒரு அட்டை. அட்டை சூப்பர்வைசர் மேஜையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், வேறொருத்தி எடுத்துப் போயிருந்தால் அவள் வரும் வரை காத்திருக்க வேண்டும். "இப்பதானே போன?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நாங்கள் தண்ணீரைக் குறைத்தோம். யாரும் குடிக்காதே என்று சொல்லவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குடிதண்ணீரைக் குளிர வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. எங்கள் கம்பெனியிலும் கூலர் இருந்தது. சில்லென்ற தண்ணீர், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். குடித்தால் போக வேண்டுமே. கூலரைத் தாண்டிப் போகும்போது உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு வருவோம். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரம் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விஷயமே இதுதான்: "மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்காத, பழகிடும்."

பழகித்தான் போயிற்று. நாங்கள் எல்லாரும் மாறி மாறி நீர்க்கடுப்பில் அவதிப்பட்டோம். ஒருத்தியின் பையில் இருக்கும் மாத்திரை அடுத்தவளுக்குப் போகும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்றெல்லாம் தெரியாது. எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவோம். அப்படி அரைகுறையாகச் சாப்பிட்டது எவ்வளவு தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. கிருமி சாகாமல், மருந்துக்கு மசியாத கிருமியாகித் திரும்ப வரும்.

அந்த வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது என் வீட்டில், என் மெஷினில், என் இஷ்டப்படி உட்கார்ந்திருக்கிறேன். அட்டை இல்லை, மேஜை இல்லை, கேட்க ஆள் இல்லை. பாத்ரூம் எட்டு அடி தூரத்தில். ஆனாலும் காலையில் மெஷினில் உட்கார்ந்தால் தொண்டை காய்ந்தாலும் கை சொம்பை நோக்கிப் போவதில்லை. இந்தக் காலரை முடித்துவிட்டுப் போகலாம், இந்தக் கையை வைத்துவிட்டுப் போகலாம் என்று தள்ளித் தள்ளி மத்தியானம் ஆகிவிடுகிறது. கம்பெனியை விட்டு வந்தது நான்தான், என் உடம்பு இன்னும் அந்த லைனில் உட்கார்ந்து அட்டைக்குக் காத்திருக்கிறது. ஷேர் ஆட்டோவில் இது புரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா கண் வலியா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

2021-இல் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் போன் செய்து சொன்னாள். சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் எப்படி இருக்கும் என்று அவள் பாதத்தைப் பிடித்துவிட்ட எனக்குத் தெரியும். இப்போது அவளிடம் வேறொன்று கேட்கத் தோன்றுகிறது, நாற்காலி இருக்கட்டும், நீ தண்ணீர் குடிக்கிறாயா? 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயிலில் இறந்துபோகிறவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல காரியம், முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் கண்கட்டியும் வேர்க்குருவும் நீர்க்கடுப்பும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றால் சாவது அரிது. மூன்று நாள் கூலி போகும், நான்கு ராத்திரித் தூக்கம் போகும், அடுத்த வெயிலுக்கு மறுபடி வரும். வெயில் காலத்தில் உழைக்கிற பெண்ணின் மாதம் இப்படித்தான் கரைகிறது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

மாத்திரை முடிந்த மறுநாள் வைகாசி 1. என் பிறந்த ஊர் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் சிரசை ஊர்வலமாக எடுத்து வந்து, கவுண்டன்ய ஆற்றங்கரைக் கோயிலில் உடலோடு பொருத்துவார்கள். வழியெல்லாம் சூரைத் தேங்காய் உடையும். கத்திரிக்கு நடுவில், அவ்வளவு கூட்டத்தில், வருடா வருடம் போகிறேன். தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். இந்த வருடம் ஒரு பந்தலையும் விடாமல் வாங்கிக் குடித்தேன்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஊர்வலத்துக்கு வரவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடம் கைலி நெய்தவர். வீட்டுக்குள் குழித்தறி இருந்தது. தரையில் குழி வெட்டி, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்து நெய்யும் தறி. இப்போது குழியை மூடி சிமெண்ட் பூசி மேலே பீரோ வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வெயில் நாளில் நான் ஒளிந்துகொள்ளும் இடம் அந்தக் குழிதான். மண் எப்போதும் சில்லென்று இருக்கும். அப்பா அதில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார், கோடையில் ஈரச் சாக்கும் போட்டு வைப்பார். தனக்குக் குளிர்ச்சியாக இருக்கத்தான் செய்கிறார் என்று அப்போது நினைத்திருந்தேன். அன்று பேச்சுவாக்கில் அதைக் கேட்டேன்.

"எனக்கா? பாவுக்கும்மா. காய்ஞ்ச நூலு அறுந்துக்கினே இருக்கும். ஈரம் இருந்தாத்தான் தாங்கும்."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். பருத்தியின் குணம் அது. ஈரம் பட்டால் வலு கூடும், காய்ந்தால் முறுகி அறும். அதனால்தான் நெசவாளர் தெருவில் விடிவதற்கு முன்னாலேயே பாவு தோய்ப்பார்கள். கஞ்சி போட்ட நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். உச்சி வெயிலில் தறி சும்மா இருக்கும். அப்பா அந்நேரம் நீராகாரம் குடித்துவிட்டு ஒரு தூக்கம் போடுவார். அம்மா முந்தின நாள் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீரை உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து குழி விளிம்பில் வைப்பார். "குடிச்சிட்டு மிதிங்க" என்பார். இந்தக் காட்சியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நூலையும் ஆளையும் வெயில் காலத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒன்பது வருடக் கம்பெனி வேலையில் நான் அதைத் தொலைத்துவிட்டேன். நான் இன்று தைக்கும் நூல் பாலியஸ்டர். அதற்கு ஈரமும் ஒன்றுதான் வெயிலும் ஒன்றுதான், எவ்வளவு காய்ந்தாலும் அறுவதில்லை. அதனால் எனக்கு நினைவூட்ட அதுவும் இல்லை.

கிளம்பும்போது அப்பா என் கண்ணைப் பார்த்து, "கட்டி வந்துச்சா?" என்று கேட்டார். வற்றிய இடத்தில் லேசான சிவப்பு இருந்தது. அவர் பார்வையே மங்கிப்போயிருக்கிறது. அதையும் எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

வேலூருக்கு வந்ததும் செய்த முதல் வேலை, மெஷினுக்குப் பக்கத்தில் மண்பானையைக் கொண்டுவந்து வைத்தது. இதுவரை சமையலறையில் இருந்தது. பானையின் உடம்பு வழியே கசியும் தண்ணீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலில் வியர்வை செய்வதும் அதே வேலைதான். காற்று காய்ந்திருக்கும் எங்கள் ஊரில் பானைத் தண்ணீர் பல் கூசுகிற மாதிரி இருக்கும். சென்னையில் இருக்கும் அக்கா வீட்டில், கடல் ஈரத்தில், அதே பானை இந்த அளவுக்குக் குளிராது. பானைக்குள் அத்தை வெட்டிவேர் முடிச்சு ஒன்று போட்டு வைத்தார்.

பானை பக்கத்தில் இருந்தும் முதல் இரண்டு நாள் குடிக்க மறந்தேன். மூன்றாம் நாள் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து, சீருடை தைத்து மிச்சமான நூலால் நான்கு இடத்தில் சுற்றிக் கட்டினேன். மேலே வெள்ளை நூல், காலை பத்து மணிக்கு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், பகல் பன்னிரண்டுக்கு. நீலம், மூன்று மணிக்கு. அடியில் மெரூன், ஆறு மணிக்கு. பாட்டிலில் தண்ணீர் அந்தந்த நூலுக்கு இறங்கியிருக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிப்பதும் மோரும் இதில் சேராது. முதல் நாள் பத்து மணிக்கு வெள்ளை நூலைப் பார்த்தபோது தண்ணீர் அதற்கு மேலேயே நின்றது. காலரைப் பாதியில் விட்டு, ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்துவிட்டுக் குடித்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து போக வேண்டியிருந்தது. போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். தையல் விட்ட இடத்திலேயே இருந்தது.

அப்போது வீட்டில் யாரும் இல்லை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "போயிட்டு வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த லைனில் எனக்கு அடுத்த மெஷினில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் போன் போட வேண்டும். அவள் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள்.

இன்று மே 27. முப்பத்து நான்கில் இருபத்தொன்பது செட் முடிந்து, மடித்து, பெயர் எழுதிய துண்டுச் சீட்டு குத்தி, பீரோவில் இருக்கிறது. வேர்க்குரு முதுகில் காய்ந்து உதிர்கிறது. நேற்று சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, புழுதிக்காற்று மட்டும் அடித்துவிட்டு, பத்துச் சொட்டு மழையோடு போய்விட்டது. அந்தப் பத்துச் சொட்டுக்கும் தெருவே வெளியே வந்து நின்றது. இதை எழுதும்போது மணி மூன்றேகால். அத்தை விசிறியை மார்பில் கவிழ்த்தபடி தூங்குகிறார். தண்ணீர் நீல நூலுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. அதைக் குடித்துவிட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பினஃபோருக்குப் பட்டன் வைக்க வேண்டும்.